பாகன் பேசாத பாட்டு

புறநானூற்றின் 46ஆம் பாட்டைத் தமிழாசிரியர் எவரும் மறந்திருக்க மாட்டார். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் தன் பகைவனாகிய மலையமானின் சிறு மக்களை யானைக் காலில் இட்டுக் கொல்ல முற்பட்டான். அப்போது புலவர் கோவூர்கிழார் இடைபுகுந்தார். புறா ஒன்றின் துயரைத் தீர்த்த குடியில் வந்தவன் நீ என்று அரசனுக்கு நினைவூட்டினார். இவர்களோ, புலவரின் வறுமை கண்டு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்ணும் குடியில் பிறந்தவர்கள் என்றார். பின்பு, படிப்போர் நெஞ்சை விட்டு நீங்காத ஒரு காட்சியைக் காட்டினார். அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டன. தம்மைக் கொல்ல வந்தது அது என்று அவை அறியா. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், இனி நீ விரும்பியதைச் செய் என்று புலவர் பாட்டை முடித்தார். குழந்தைகள் பிழைத்தன.

இப்பாட்டை விளக்கி முடித்த ஒரு நாள், உயர்நிலை நான்கில் பயின்ற மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "ஐயா, யானைமேல் பாகன் இருந்திருப்பானே, அவன் என்ன செய்தான்?" எனக்கு உடனே விடை தோன்றவில்லை. "பாட்டில் பாகன் இல்லை தம்பி" என்று சொல்லி அமைந்தேன். அவன் அமையவில்லை. "புலவர் வராமல் இருந்திருந்தால், பாகன் யானையை நடத்தியிருப்பானா ஐயா?" என்றான். இவ்வூரில் ஆண்பிள்ளைகள் பதினெட்டு வயதளவில் தேசிய சேவைக்குச் செல்பவர்கள். அவன் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை என்பதை அவன் முகமே காட்டிற்று.

அரசன் இருக்கிறான், புலவன் இருக்கிறான், குழந்தைகள் இருக்கின்றனர், யானையும் இருக்கிறது. ஏவலை நிறைவேற்ற வேண்டிய மனிதன் மட்டும் பாட்டில் இல்லை. இக்குறை அந்த ஒரு பாட்டின் குறையா, அல்லது நம் இலக்கியத்தை நாம் படிக்கும் முறையின் குறையா? இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது.

மால்ட்டாவில் இறங்கியவர்கள்

பாகன் பேசிய நிகழ்ச்சிகள் நம் காலத்தில் உண்டு. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், லிபிய விமானப் படையின் மிராஜ் போர் விமானங்கள் இரண்டு நடுநிலக் கடலைக் கடந்து மால்ட்டாத் தீவில் இறங்கின. ஓட்டிவந்த இருவரும் கர்னல் பதவியில் இருந்தவர்கள். பெங்காசி நகரில் திரண்ட மக்கள்மீது குண்டு வீசுமாறு தமக்கு ஆணை வந்தது என்றும், அதனைச் செய்ய மனமின்றி விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததாகவும் அவர்கள் கூறினர். விமானங்களைத் திருப்பி அனுப்புமாறு கடாபியின் அரசு கேட்டது. மால்ட்டா மறுத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, வேறொரு லிபியப் போர் விமானத்தில் சென்ற இருவர், பெங்காசிமீது குண்டு வீச மறுத்து, அஜ்தாபியாவுக்கு அருகில் குதிகுடையால் இறங்கினர் என்றும், ஆளில்லா விமானம் பாலையில் விழுந்து நொறுங்கிற்று என்றும் பெங்காசி நாளிதழ் ஒன்று செய்தி வெளியிட்டது.

அடுத்த ஆண்டு, 2012 ஜூன் 21ஆம் நாள், சிரியாவின் கர்னல் ஹசன் ஹமாதே தம் மிக்-21 விமானத்தை ஜோர்தானில் கொண்டுபோய் இறக்கினார். இறங்கியதும் தம் பதவிச் சின்னங்களைக் கழற்றிவிட்டார் என்று செய்தி வந்தது. ஜோர்தான் அன்றே அவருக்கு அடைக்கலம் அளித்தது. சிரிய அரசோ அவரைத் துரோகி என்றது.

துரோகி என்ற இச்சொல்லை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. ஏனெனில், ஒரு நாட்டின் சோற்றை உண்டு, அதன் சீருடையை அணிந்து, அதன் பொருளாகிய விமானத்தையே எடுத்துக்கொண்டு அயல்நாடு புகுந்தவனை வேறு எப்படி அழைப்பது என்று கேட்போர் உண்டு. அவ்வாறு கேட்பதற்குரிய பயிற்சியை நம் இலக்கியமே நமக்குத் தந்திருக்கிறது.

பட்டிமன்றத் தராசு

தமிழ் மேடைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தலைப்பு ஒன்று உண்டு: உயர்ந்தவன் கும்பகருணனா, வீடணனா? சிங்கப்பூரிலும் நாம் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். வீடணன் அறத்தின் பக்கம் சென்றவன் என்று ஒரு சாரார் வாதிடுவர். கும்பகருணன் செஞ்சோற்றுக் கடன் கழித்தவன் என்று மறுசாரார் வாதிடுவர். நடுவர் எவ்வாறு தீர்ப்பளித்தாலும், அவையின் கைதட்டல் பெரும்பாலும் கும்பகருணனுக்கே. வீடணனை அறிவு ஏற்றுக்கொள்கிறது. கும்பகருணனை நெஞ்சு தழுவிக்கொள்கிறது.

இத்தராசில் மால்ட்டா விமானியை வைத்தால் அவன் வீடணன் தட்டிலே போய் அமர்வான். ஒப்புமையும் வியக்கத்தக்க அளவில் பொருந்தியிருக்கிறது. கம்பன் பாடியபடி, இராவணன் சினந்து விரட்டியதும் வீடணன் தன் துணைவரோடு வானில் எழுகிறான். அங்கு நின்றும் அண்ணனுக்கு ஒருமுறை அறிவுரை கூறுகிறான். பின்னரே கடல் கடந்து இராமனிடம் வருகிறான். அப்பகுதிக்கு 'வீடணன் அடைக்கலப் படலம்' என்றே பெயர். வந்தவனை ஏற்பதா, ஐயுறுவதா என்று இராமன் பக்கத்தில் ஓர் ஆலோசனையே நடக்கிறது. சுக்கிரீவன் ஐயுறுகிறான், அனுமன் பரிந்து பேசுகிறான். புறாவுக்காகத் துலையேறிய முன்னோனை நினைவூட்டி, அடைக்கலம் என்று வந்தவனைக் கைவிடலாகாது என்று இராமன் முடிவு செய்கிறான். கோவூர்கிழார் கிள்ளிவளவனுக்கு நினைவூட்டிய அதே புறா இங்கும் வருவதைக் காண்க. வான்வழியே கடல் கடந்து வந்து அடைக்கலம் கேட்டவனைப் பற்றிய விரிவான ஆராய்ச்சி, மால்ட்டாவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழில் நடந்து முடிந்திருக்கிறது.

ஆயினும் இத்தராசு போதாது என்பதே என் கருத்து. எந்தத் தலைவனுக்கு உண்மையாக இருப்பது என்பது ஒரு வினா. எவர்மீது படைக்கலத்தை ஓங்குவது என்பது வேறொரு வினா. பட்டிமன்றம் முதல் வினாவை மட்டுமே கேட்கிறது.

முதல் வினா நம் ஊருக்கும் பழக்கமானதே. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள பேரர் பார்க் திடலில், பிரிட்டிஷ் படையிலிருந்த இந்திய வீரர்கள் 40,000 பேருக்கு மேல் ஒன்றுகூட்டப்பட்டனர். அவர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தில் சேருமாறு கேப்டன் மோகன் சிங் அழைத்தார். பலர் சேர்ந்தனர். எடுத்த உறுதிமொழியை மாற்ற மாட்டோம் என்று பலர் மறுத்துச் சிறைத் துன்பத்தை ஏற்றனர். இரு சாராரும் தத்தம் மானத்தையே காத்ததாகக் கருதினர். அவர்களுள் யார் கும்பகருணன், யார் வீடணன் என்று வாதிட இடமுண்டு. ஏனெனில் அங்கு எழுந்தது கொடியைப் பற்றிய வினா. மால்ட்டா விமானியின் முன் நின்றது கீழே தெருவில் நின்ற மக்களைப் பற்றிய வினா. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுமே விளங்காமற் போகும்.

சோற்றுக்கு ஈடு எது?

செஞ்சோற்றுக் கடன் என்பதைச் சிறிது ஊன்றி நோக்குவோம். கும்பகருணன் அண்ணன் செய்தது தவறு என்று அறியாதவன் அல்லன். மந்திராலோசனையில் அதனை வெளிப்படையாகவே சொன்னவன். பின்பு போர்க்களத்தில் வீடணன் வந்து அழைத்தபோது, தன்னை வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்காக உயிரைக் கொடுப்பதே தனக்கு உரியது என்று மறுத்துவிட்டான். சாகும் பொழுதும் தம்பியைக் காக்குமாறு பகைவனாகிய இராமனிடமே வேண்டிக்கொண்டான். இவனிடம் நம் நெஞ்சு உருகுவதில் பிழையில்லை.

ஆனால் அவன் கடன் கழித்தது எதனைக் கொண்டு? தன் உயிரைக் கொண்டு. அவன் எதிரே நின்றவர்கள் யார்? வில்லேந்தியவர்கள், மலையையும் மரத்தையும் பிடுங்கி எறியும் வானர வீரர்கள். உறங்கும் குழந்தைகளைக் கொன்று வா என்று இராவணன் அவனை ஏவவில்லை. ஏவியிருந்தால் கும்பகருணன் என்ன செய்திருப்பான் என்று கம்பன் நமக்குச் சொல்லவில்லை. ஆதலின், குடிமக்கள்மீது குண்டு வீசும் ஆணைக்குக் கும்பகருணனைச் சான்றாக அழைக்க எவர்க்கும் உரிமையில்லை.

கர்ணனையும் இவ்வாறே கொள்க. நட்புக்கு அவன் ஈடாகத் தந்ததும் தன் உயிரே. அந்தப் பாரதக் கதையிலேயே, துரியோதனனுக்காக மற்றொருவனும் ஒரு செயல் செய்தான். அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறை புகுந்து, உறங்கிக்கொண்டிருந்த பாண்டவர் மைந்தர் ஐவரைக் கொன்றான். தலைவனிடம் கொண்ட பற்றை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், அசுவத்தாமனும் கடன் கழித்தவனே ஆவான். தோற்றுத் தரையில் கிடந்த தலைவனுக்காகச் செய்த செயல் என்பதால் கர்ணனுக்கு மேலாகவும் அவனைப் புகழ வேண்டும். எந்தத் தமிழ் மேடையாவது அவனைப் புகழ்ந்ததுண்டா? இல்லை. ஏன் புகழவில்லை என்ற காரணத்தை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் உள்ளூர அறிவோம். உண்ட சோற்றுக்கு ஈடாக ஒருவன் தரக்கூடியது தன் உயிர். பிறர் பெற்ற பிள்ளையின் உயிரை ஈடாகத் தர அவனுக்கு உரிமை கிடையாது. இதுவே செஞ்சோற்றுக் கடனின் எல்லை.

புறம் வகுத்த எல்லை

இந்த எல்லையை நாம் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய 9ஆம் புறப்பாட்டு, போருக்கு முன்னர் அறிவிப்புச் செய்யும் முறையைக் கூறுகிறது. ஆக்கள், பார்ப்பனர், பெண்டிர், பிணியுடையோர், மகப்பேறு பெறாதோர் ஆகியோர் அரண் தேடிச் செல்க. எம் அம்புகள் வரப்போகின்றன என்பது அவ்வறிவிப்பு. வெட்சித் திணைக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் ஒருபடி மேலே சென்றார். அறிவிப்பைச் சொன்னாலும் உணர மாட்டாத ஆக்களைத் தாமே ஓட்டிக்கொண்டு வந்து காப்பதே ஆநிரை கொள்ளுதலின் கருத்து என்று விளக்கினார். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு எரியூட்டிய கண்ணகியும், தீக்கடவுளுக்கு ஏவலிடும்போது முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் பிறரையும் விலக்கியே ஏவினாள். கணவனை இழந்த கடுஞ்சினத்திலும் ஏவலுக்கு ஒரு வரையறை இருந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பண்டைத் தமிழர் போர் முழுவதும் அறப்போர் என்று மேடையில் முழங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது உண்மையன்று. அதே நெட்டிமையார், அதே முதுகுடுமியைப் பாடிய 15ஆம் பாட்டில், பகைவர் ஊர்த் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கியதையும் புகழ்கிறார். பகைவர் ஊர் எரிவதைப் புகழும் பாட்டுகள் புறநானூற்றில் சிலவல்ல. 9ஆம் பாட்டின் பட்டியலும் முழுமையானதன்று; உழவனும் தச்சனும் அதில் இல்லை. ஆகவே அப்பாட்டை ஒரு சாதனையாகக் காட்டுவதைவிட, ஓர் அறத்தின் தொடக்கமாகக் காட்டுவதே நேர்மை. பட்டியல் பின்பு வளர்ந்தது. கண்ணகியின் பட்டியலில் முதியோரும் குழந்தைகளும் சேர்ந்தனர். 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை போர்க்காலத்தில் குடிமக்களைக் காப்பதற்கென்றே எழுந்தது. 

பட்டியல் வளர்ந்ததற்கு ஏற்பக் குண்டுகளும் வளர்ந்தன. 1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியுமுன், சிங்கப்பூரின்மீது முதற்குண்டுகள் விழுந்தன. செலித்தார், தெங்கா விமானத் தளங்களோடு நகரின் நடுவே ராபிள்ஸ் பிளேஸும் தாக்கப்பட்டது. 61 பேர் மாண்டனர். பின்பு குண்டு வீச்சு மிகுந்தபோது, சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தில் மக்கள் அடைக்கலம் புகுந்திருந்தனர். அரண் தேடிச் செல்லுங்கள் என்று அவர்களுக்கு முன்னறிவிப்புச் செய்தவர் எவருமில்லை. மேலே பறந்தவர்கள் கண்ணில் கோயில் ஒரு கூரை. தேக்கா ஒரு புள்ளி. அன்று அப்புள்ளிக்குள் இருந்தவர்கள் நம் பாட்டனாரும் பாட்டியாரும். விமானத்தைத் திருப்பிக்கொண்டு போனவனைத் துரோகி என்பதா என்று ஆராயும்போது, நாம் எந்த இடத்தில் நின்று ஆராய்கிறோம் என்பதையும் நினைக்க வேண்டும். அரண்மனையில் நின்று பார்ப்பவனுக்கு அவன் துரோகி. ஆலயத்துக்குள் ஒடுங்கியிருப்பவனுக்கு?

போனவன் என்ன செய்தான்?

திரும்பிப் போனவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் என்று கொள்வதும் பிழை. நம் அண்டை நாடாகிய பிலிப்பைன்ஸில் 1986ஆம் ஆண்டு நடந்ததை எடுத்துக்கொள்வோம். மார்க்கோஸின் ஆட்சியை எதிர்த்து மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் வெள்ளமாகத் திரண்டிருந்தனர். கிளர்ச்சி செய்த படையினர் கிராமே முகாமில் இருந்தனர். பிப்ரவரி 24ஆம் நாள் காலை, கர்னல் அந்தோனியோ சோத்தேலோ தலைமையில் 15ஆம் தாக்குதல் அணியின் ஹெலிகாப்டர்கள் அம்முகாமை நோக்கி வந்தன. தாக்கத்தான் வருகின்றன என்று கீழே நின்றோர் அஞ்சினர். அவையோ முகாமுக்குள் அமைதியாக இறங்கின. மறுநாள் மார்க்கோஸ் நாட்டை விட்டு வெளியேறினார்.

எனினும் சோத்தேலோவின் கதை இறங்கியதோடு முடியவில்லை. அன்றைக்கே அந்த ஹெலிகாப்டர்கள் மறுபடி எழுந்து, வில்லாமோர் விமானத் தளத்தில் அரசின் ஹெலிகாப்டர்களைத் தாக்கின. அதிபர் மாளிகை வளாகத்தின்மீதும் சுட்டன. அஃதாவது, அவர்கள் அணி மாறினர். வீடணனும் இவ்வகையினனே. அவன் இலங்கையின் படைவலியை இராமனுக்கு எடுத்துரைத்தான். நிகும்பலையில் இந்திரசித்தின் வேள்வியைக் குலைக்க வழிகாட்டினான். இறுதியில் முடியும் சூடினான். அவன் செய்தது அறமாகவே இருக்கலாம். ஆனால் வென்ற பக்கத்தில் சேர்ந்தவன் என்ற பழிச்சொல் அவனை விடாமல் தொடர்வதற்கும் காரணம் உண்டு.

மால்ட்டாவில் இறங்கியவர்கள் அன்று செய்தது வேறு. அவர்கள் பெங்காசிக்குச் செல்லவில்லை. அங்கிருந்து திரிப்போலிமீது பறக்கவுமில்லை. போரில் சேராத ஒரு தீவில் விமானத்தை நிறுத்திவிட்டு இறங்கினர். அன்று பெற்ற பரிசு வெளிநாட்டில் ஒரு காத்திருப்பு அறை; விட்டுவந்ததோ வீடும் உறவும். கும்பகருணன் நின்று இறந்தான். வீடணன் சென்று வென்றான். இவர்களுக்கு நடுவே, படைக்கலத்தைச் செயலற்றதாக்கிவிட்டு ஒதுங்கிய மூன்றாமவன் ஒருவன் உண்டு. நம் பட்டிமன்றம் அவனுக்கு இருக்கை இடவில்லை.

அச்சத்தால் ஓடியிருக்கலாம் அல்லவா, ஆட்சி கவிழும் என்று கணக்கிட்டு வந்திருக்கலாம் அல்லவா என்று சிலர் கேட்பர். இருக்கலாம். மனிதர் நெஞ்சில் ஒரே காரணம் மட்டும் குடியிருப்பதில்லை. கிள்ளிவளவன் குழந்தைகளை விட்டதும் இரக்கத்தாலா, புலவர் பழிப்பார் என்ற நாணத்தாலா என்று நாம் துருவிக் கேட்பதில்லை. குழந்தைகள் பிழைத்தன என்பதையே கொண்டாடுகிறோம். அந்தச் சலுகையை அரசனுக்கு அளிக்கும் நாம், பாகனுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

காந்தியடிகளின் மறுப்பு

இனி, எதிர்வாதங்களுள் வலிமையானதைக் காண்போம். அது காந்தியடிகளிடமிருந்து வருவதாகும்.

1930 ஏப்ரல் 23ஆம் நாள் பெஷாவரில், ஆயுதமின்றித் திரண்ட மக்கள்மீது சுடுமாறு கார்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவினர்க்கு ஆணை பிறந்தது. சந்திர சிங் என்பார் முன்னின்று, வீரர்கள் சுட மறுத்தனர். இராணுவ நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது; சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அகிம்சையின் தலைவர் அவர்களைப் பாராட்டியிருப்பார் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் 1932இல் வெளிவந்த ஒரு நேர்காணலில், பிரெஞ்சு இதழாளர் ஒருவர் இதுபற்றிக் கேட்டபோது, ஆணையை மீறிய வீரன் தான் எடுத்த உறுதிமொழியை மீறியவனே என்று காந்தியடிகள் கூறினார். நாளை தாம் ஆட்சிக்கு வந்தால் இதே படைவீரரைக் கொண்டே ஆள வேண்டியிருக்கும். இன்று மீறக் கற்பித்தால், நாளை தம் ஆணையையும் அவர்கள் மீறுவர் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை எளிதாகத் தள்ள இயலாது. தனக்குப் பிடித்த ஆணையை மட்டும் நிறைவேற்றும் படை, படையாகாது. பல நாடுகள் அத்தகைய படைகளால் அழிந்திருக்கின்றன. என் மாணவன் தேசிய சேவைக்குச் செல்லும்போது, எந்த ஆணையையும் உன் விருப்பப்படி எடைபோட்டுக்கொள் என்று சொல்லி அனுப்புவது ஆசிரியர் செயலாகாது.

ஆனால் எல்லை என்பது விருப்பம் அன்று. ஆணை எனக்குப் பிடிக்கிறதா என்று கேட்பவன் ஒருவன். ஆணை எவர்மீது பாய்கிறது என்று கேட்பவன் மற்றொருவன். இரண்டாமவன் கேட்கும் வினாவுக்குரிய விடை அவன் மனப்போக்கைப் பொறுத்ததன்று. 9ஆம் புறப்பாட்டின் காலந்தொட்டே பலரறிய வரையத் தொடங்கிய கோடு அது. மேலதிகாரியின் ஆணை என்பதனால் மட்டும் ஒருவன் பொறுப்பினின்று நீங்கிவிட மாட்டான், வேறு வழியைத் தெரிந்துகொள்ள அவனுக்கு இயன்றிருந்தால், என்பதே நியூரம்பெர்க் விசாரணையிலிருந்து வகுத்து, 1950இல் ஐக்கிய நாடுகளின் சட்ட ஆணையம் எழுதிவைத்த கொள்கை. உறுதிமொழி அந்தக் கோட்டுக்கு உட்பட்டே பொருள் பெறுகிறது. கோட்டுக்கு அப்பால் தள்ளுபவனே முதலில் உறுதிமொழியைக் குலைத்தவன்.

திருவள்ளுவரும் இதற்குத் துணை நிற்கிறார். நன்றி கொன்றவனுக்கு உய்வில்லை என்று கடுமையாகச் சொன்ன அவரே, படைச்செருக்கு அதிகாரத்தில், பகைவனுக்கு ஒரு தாழ்வு நேர்ந்தபோது அவனுக்கு உதவுவதே வீரத்தின் கூர்முனை என்றார். இன்று போய் நாளை வா என்று இராமன் இராவணனை விட்டதைப் பரிமேலழகர் அதற்கு எடுத்துக்காட்டாகத் தந்தார். படைக்கலம் இழந்த பகைவனுக்கே இச்சலுகை என்றால், படைக்கலமே ஏந்தாத குடிமகனுக்கு எவ்வளவு உரியது! வீரத்தைப் பேசும் அதிகாரத்திலேயே வள்ளுவர் இதனை வைத்தது எண்ணத்தக்கது. கையை நிறுத்துவதும் வீரத்தின் ஒரு பகுதி என்பது அவர் கருத்து.

வலவன் இல்லாத ஊர்தி

பாகனைப் பற்றிய வினா நாளுக்கு நாள் அவசரமாகி வருகிறது. ஏனெனில் யானைமேல் பாகனே இல்லாத காலம் வந்துகொண்டிருக்கிறது. இன்று பல போர்களில் பறக்கும் ஊர்திகளில் மனிதர் இல்லை. அவற்றை எங்கோ ஓர் அறையில் திரைமுன் அமர்ந்தவர் இயக்குகின்றனர். இலக்கைத் தாமே தேர்ந்து தாக்கும் கருவிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி, 2014 முதல் ஜெனீவாவில் நாடுகள் பேசி வருகின்றன.

புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், செலுத்துவோன் இன்றித் தானே செல்லும் விண்ணூர்தியைப் பாடுகிறார். புலவர் பாடும் புகழுக்கு உரியோர், செய்யத்தக்க நல்வினையைச் செய்து முடித்தபின் பெறும் பேறு அது. பழந்தமிழன் அன்றே ஆளில்லா விமானத்தை அறிந்திருந்தான் என்று இதனைக் காட்டிப் பெருமை பேசுவோர் உண்டு. பெருமை வேண்டாம்; பொருளைக் காண்போம். அப்பாட்டில் வலவன் இல்லாத ஊர்தி நற்செயலின் முடிவில் வருகிறது. மனிதன் தான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தபின்பே வலவன் வேண்டாதவன் ஆகிறான். நாமோ, செயலின் தொடக்கத்திலேயே வலவனை இறக்கிவிடுகிறோம். பெங்காசிக்குச் சென்ற விமானத்தில் மனிதன் இருந்தமையால் அது மால்ட்டாவுக்குத் திரும்பிற்று. வலவன் இல்லாத ஊர்தி தன் வழியைத் தானே திருப்பிக்கொள்ளுமா?

புறப்பாட்டில் பாகன் பேசவில்லை என்று தொடங்கினேன். அகப்பாட்டில் ஒருவன் தேரில் வருகிறான் என்பதைச் சொல்லி முடிக்கலாம். அகநானூற்றின் 4ஆம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், வினைமுடித்துத் தன் ஊருக்கு விரைபவன். வழியில் பூக்களில் தேனுண்டு தம் துணையோடு தங்கியிருக்கும் வண்டுகள் கலங்குமே என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். அவனுக்கு அவ்வாறு செய்ய எந்த ஆணையும் இல்லை. ஊர்தி தன் கையில் இருக்கிறது. அதன் ஓசை எளியவர்மேல் படும் என்ற நினைப்பு ஒன்றே போதுமானதாயிற்று.

அந்த மாணவன் இப்போது தேசிய சேவையை முடித்திருப்பான். மறுபடி கண்டால், "தம்பி, பாகன் என்ன செய்தான் என்று கோவூர்கிழார் சொல்லவில்லை, சில பாகர்கள் என்ன செய்தார்கள் என்று நான் சொல்கிறேன்" என்று தொடங்குவேன். அடுத்த முறை 46ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களும் யானைமேல் இருந்தவனைப் பற்றி ஒரு வினா எழுப்பிப் பார்க்கலாம். விடை பாடநூலில் இராது, பிள்ளைகள் சொல்வார்கள்.